மேசைக்கடியில் ஒரு நத்தார் கேக்

டிசம்பர் 20, இரவு

கம்பனி போடச் சொன்ன நத்தார் தாத்தா தொப்பியைக் கழற்ற மறந்து, கொச்சிக்கடையிலிருந்து வெள்ளவத்தை வரை பஸ்ஸில் வந்திருக்கிறேன். கதவைத் திறந்த மகள், "அப்பா, மான் வண்டில் எங்க?" என்றாள். வீடே சிரித்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பின்னேரம் கொட்டாஞ்சேனை அக்கா எங்கள் பார்சல் கவுண்டருக்கு வந்தார். இத்தாலியில் இருக்கும் மகளுக்குப் போன கிழமை தானே கேக் அடித்துச் சுட்டு, அனுப்பக் கொடுத்தவர். அந்தப் பெட்டி இன்னும் என் மேசைக்கடியில்தான் கிடக்கிறது. பார்சல்கள் கூரை முட்டக் குவிந்துவிட்டன, பிளேனில் இடமில்லை. இனிப் புதுவருஷத்துக்குப் பிறகுதான் போகும். யார் கேட்டாலும் வழியில் போகிறது என்று சொல்லும்படி மனேஜரின் கட்டளை.

"தம்பி, என்ட பார்சல் இப்ப எங்க போகுது?"

"துபாயைத் தாண்டியிருக்கும், அக்கா."

"அவள் தனிய இருக்கிற முதல் நத்தார். கேக் போகாட்டி அழுதிடுவாள்." பிறகு மூக்கை உறிஞ்சினார். "இங்கயும் கேக் வாசம் வருதே. ஆர் அடிச்சது?"

பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினேன். "நத்தார் தாத்தாட்ட கேக் இல்லாமலா, அக்கா?"

விழுந்து விழுந்து சிரித்தார். பார்சல் பத்திரமாய்ப் போய்ச் சேர வேண்டுமென்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனார்.

வாய்வரை வந்தது இப்போதும் அங்கேயே நிற்கிறது: அது நீங்க அடிச்ச கேக்தான், அக்கா.