அண்ணையின் கல்லில் எழுத ஒரு வரி

செவ்வாய் இரவு, ரெய்னர்ஸ் லேன்

ருமேனியாவிலிருந்து திரும்பி இரண்டு நாளாகிறது. மலைகளையும் மரத்தாலான பழைய தேவாலயங்களையும் பார்க்கத்தான் போனோம். என் மனமோ சபன்ட்சா என்ற ஊரின் சேமக்காலையிலேயே நின்றுவிட்டது. அங்கே கல்லறைச் சிலுவைகள் எல்லாம் நீல வண்ணம் பூசிய மரம். ஒவ்வொன்றிலும் இறந்தவரின் உருவத்தைச் செதுக்கி, அவர் வாழ்ந்த விதத்தை ஒளிக்காமல் பாட்டாக எழுதியிருக்கிறார்கள். பால் கறந்தவளுக்குப் பக்கத்தில் பசு நிற்கிறது. குடிகாரனின் கையில் போத்தல். வழிகாட்டிப் பெண் வாசித்துச் சொல்லச் சொல்லச் சிரித்தோம். ஆனால் யாரையும் இழிவுபடுத்தியதாகத் தோன்றவில்லை. செத்தவர்களை இவ்வளவு உரிமையோடு நேசிக்கும் ஊரை நான் கண்டதில்லை.

இன்று பின்னேரம் அண்ணி போன் எடுத்தார். அண்ணையின் கல்லறைக் கல்லுக்கு வசனம் நாளைக்குள் வேண்டுமாம். பயணத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தேன்: 'அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம்.' அண்ணை பார்த்தால், "ஆரடா இந்த ஆள்?" என்று கேட்டிருப்பார். எனக்கே வாசிக்க வெட்கமாக இருந்தது.

"அண்ணி, சீட்டு விளையாட்டில அண்ணை கள்ளம் செய்து அளாப்புறவர் எண்டு எழுதட்டோ?"

கேட்டபின்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோபிப்பார் என்றே நினைத்தேன்.

"ஓம் தம்பி," என்றார். "என்னை வெல்ல வைக்கிறதுக்கும் அளாப்பினவர். அதையும் சேர்த்து எழுதுங்கோ."