ஹம் முகவரிக்கு வந்த இரண்டு கடிதங்கள்

ஹம், ஜெர்மனி, 2.2.2025

அன்பு மகள் அஞ்சலாவுக்கு,

மாதா காவலில் நானும் அப்பாவும் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா என்று கேட்கத்தான் பத்து நாளாய்ப் போன் எடுக்கிறேன், நீ தூக்குவதாயில்லை. உன் புருஷன் சுகிர்தனும், "அவ படுத்திருக்கிறா மாமி" என்று வைத்துவிடுகிறார். ஐந்து மாதக்காரி பகல் முழுக்கவா படுப்பாள்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நேற்று இதே யோசனையில் ஒருவருக்கு ஒரே மாத்திரையை இரண்டு முறை கொடுக்கப் போய்விட்டேன். கோபமென்றால் கோபமென்று எழுது.

அம்மா லூர்தம்மா

எர்லாங்கன், 9.2.2025

அம்மாவுக்கு,

போனில் கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள், அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான், பிழை பொறுங்கள்.

பொலிவியாவில் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் ஒரு வருடம் தொண்டு செய்தேனே, அங்கே என் அறை மண்சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுப்பட்டி. சுவர் வெடிப்புகளில் ஒரு பூச்சி இருந்தது, விஞ்சூக்கா என்பார்கள். ஆட்டையும் கடிக்கும், தூங்கும் ஆளையும் கடிக்கும். கடித்த இடத்தில் எச்சம் போடும். சொறிந்தால் அதிலுள்ள கிருமி உடம்புக்குள் போய்விடும். ஒரு காலை என் கண் வீங்கி மூடிக்கொண்டது. படம் அனுப்பினேன். "நுளம்பு கடிச்சிருக்கும்" என்றீர்கள். அந்தக் கிருமி இன்னும் என் இரத்தத்தில் இருக்கிறதாம், கர்ப்பப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்கும் போகலாம். முன்பே மருந்து எடுத்திருந்தால் தடுத்திருக்கலாம்; இனிப் பிரசவம் வரை எடுக்க ஏலாது.

2018இல் திரும்பி வந்தவுடன் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். முடிவு வரவில்லை, வராவிட்டால் நல்லது என்று இருந்துவிட்டேன். ஹம் முகவரிக்கு இரண்டு கடிதம் அனுப்பியதாகக் கிளினிக்கில் சொல்கிறார்கள். அம்மா, அவை எங்கே?

அஞ்சலா

ஹம், 16.2.2025

என் பிள்ளைக்கு,

ஜெர்மன் விளங்கவில்லை என்று பொய் எழுதமாட்டேன். முதல் கடிதத்தை வாசித்தேன். சுகிர்தன் வீட்டார் கொலோனிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த கிழமை அது. பெட்டைக்கு இரத்தத்தில் வருத்தம் என்று அவர்கள் காதில் விழுந்தால் சம்பந்தம் குழம்பும் என்று பயந்தேன். உன்னிடம் சொன்னால் நீ மறைக்கமாட்டாய். கெவலார் மாதாவிடம் நேர்த்தி வைத்து, அந்தக் கடிதத்தை மெழுகுதிரியில் கொளுத்தினேன். நீ ஓடியாடித் திரிந்தாய். மாதா கேட்டுவிட்டா என்று நம்பினேன். இரண்டாவது வந்தபோது கொளுத்தவும் துணிவில்லை, பிரிக்கவும் துணிவில்லை. பைபிளுக்குள் வைத்தேன். இத்துடன் அனுப்புகிறேன்.

மன்னிப்புக் கேட்க வாய் கூசுகிறது. ஏசியாவது எழுது.

அம்மா

எர்லாங்கன், 29.6.2025

அம்மா,

மகள் பிறந்து மூன்று கிழமை. கிருமி அவளுக்கும் இருக்கிறது. நாளை மருந்து தொடங்குகிறோம். அறுபது நாள், காலையும் மாலையும். இந்த வயதில் கொடுத்தால் அநேகமாக முற்றாய்ச் சுகமாகிவிடும் என்கிறார் டாக்டர். சுகிர்தனின் லீவு முடிகிறது. மருந்தைத் துப்பாமல் பிடித்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டும்.

உங்கள் மேல் கோபம் ஆறவில்லை. ஆனாலும் நீங்கள்தான் வேணும். சுகிர்தனுக்கு எல்லாம் தெரியும். அவரின் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கொலோனில் இறங்கி, ஒளித்ததை நீங்களே அவவுக்குச் சொல்லிவிட்டு வாங்கோ. சொல்லாமல் வர வேண்டாம்.

அஞ்சலா

ரயிலில், 6.7.2025

மகளுக்கு,

இதை உன் கையில் தருவேன். வாயால் சொன்னால் அழுகையில் முடியும்.

சம்பந்தியம்மா வாசலிலேயே, "என்ன, சொல்லாமல் கொள்ளாமல்?" என்றா. இருக்கச் சொன்னா, நான் இருக்கவில்லை. நின்றபடியே பூச்சியிலிருந்து மெழுகுதிரிவரை சொன்னேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவ போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தா. பிறகு, "பிள்ளைக்கு மருந்து தொடங்கியாச்சோ?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன். அவ வேறொன்றும் கேட்கவில்லை. வழிக்கென்று பாணும் வாழைப்பழமும் கட்டித் தந்தா.

இந்த மனுசிக்குப் பயந்தா, பிள்ளை, ஏழு வருடம் ஒளித்தேன்? அவ ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அம்மா