மூச்சு விடும் சுவரும் சிவப்புப் பெட்டியும்

2009 ஏப்ரல் 27

இன்றைக்கும் சுவர் மூச்சு விடுகிறது. கொஞ்ச நேரம் உள்ளே இழுக்கிறது, கொஞ்ச நேரம் வெளியே விடுகிறது. நடுவில் நிற்கும் பார் — அதுதான் பயம். செத்துவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அப்பாவிடம் சொன்னால், "பத்தாவது போவப்போற பொண்ணு மிஷினுக்குப் பயப்படுவியா?" என்பார்.

என் அறைச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டியிருப்பது பெங்களூர் கம்பெனி கொடுத்த மிஷின். ஏ.சி. அறையில் ஜன்னலைத் திறக்காமலே பழைய காற்றை வெளியே தள்ளி, புதுக் காற்றை உள்ளே கொண்டுவருமாம். போகிற காற்றின் குளிர்ச்சியை நடுவில் இருக்கும் பீங்கான் கல் பிடித்து வைத்து, வருகிற காற்றுக்குக் கொடுத்துவிடுமாம். தேன்கூடு மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை உள்ள கல். அந்தக் கல்லைத்தான் அப்பா எங்கள் பீங்கான் பட்டறையில் செய்து காட்ட வேண்டும். சரியாக ஓடினால் ஆர்டர். இல்லாவிட்டால் அப்பா மஸ்கட்டில் டைல்ஸ் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது.

ஏப்ரல் 29

அதனால் ஐஸ். மீன் கடைக்கு வருகிற ஐஸ் பாரை அப்பா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, என் அறையில் அண்டாவில் நிறுத்தினார். ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டியாயிற்று. வெளியே அக்னி வெயில் மாதிரி காய்கிறது, நான் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தலைமுடியெல்லாம் மத்தி மீன் வாசனை.

சாயங்காலம் அப்பாவின் அக்கா அருக்காணி அத்தை சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தாங்க. கையில் புது சிவப்பு சூட்கேஸ். "மஸ்கட்டு போறவன் மஞ்சப் பையோடயா ஏரோபிளேன் ஏறுவான்?" என்றாங்க. அதை என் கட்டிலுக்கு நேர் மேலே பரணில் வைத்துவிட்டார்கள்.

மிஷினைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

மே 2

மிஷினோடு ஒரு இங்கிலீஷ் தாள் வந்திருக்கிறது. என்ன கோளாறுக்கு என்ன செய்வது என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. வீட்டில் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால்? அப்பா மஸ்கட்.

இன்று மிஷினில் தடதடவென்று சத்தம். 'வலையில் ஏதாவது சிக்கியிருக்கிறதா பார்க்கவும்.' பார்த்தோம். பல்லி. அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாங்க: "கெழக்க பாத்துக் கத்துச்சுடா பூபாலா, ஆர்டர் வருது. தொரத்தாத." பல்லியாகப் பார்த்துப் போகிற வரைக்கும் அப்பா ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்தது நாற்றம். 'வெளிப்பக்க வாய் சமையலறைக்கு அருகில் இருக்கக் கூடாது.' எங்களுடையது பக்கத்து வீட்டு மாரியம்மாள் அக்காவின் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. அம்மா போய்ச் சொன்னாள், "அக்கா, பெங்களூரு ஆளு வந்துட்டுப் போற வரைக்கும் கருவாடு வறுக்காதீங்க."

"ஒங்க செவுரு மோந்து பாக்குதுன்னு எங்கூட்டுக் கொழம்ப நிறுத்தணுமா நீலா?"

ராத்திரி சுவர் மூச்சு விட்டது. நெத்திலி.

மே 4

கதவு தானாகத் திறந்து தானாக மூடுகிறது. சுவர் இழுத்தால் ஒரு பக்கம், விட்டால் ஒரு பக்கம். அத்தை வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் கட்டினாங்க. இப்போது அதுவும் சேர்ந்து ஆடுகிறது. தாளில், 'கதவின் அடியில் காற்றுப் போக இடைவெளி விடவும்' என்று இருந்தது. அப்பா ரம்பம் எடுத்துக் கதவின் அடியை அறுத்தார். கொஞ்சம் அதிகமாகவே அறுத்துவிட்டார்.

மே 5

கோழி உள்ளே வந்து ஐஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது.

மே 7

மிஷின் அழுகிறது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அடியில் பேசின் வைத்திருக்கிறோம்.

தாளை எடுத்துப் படித்தேன். "கல்லு ஈரத்த உறிஞ்சிக்கிட்டு, காத்து திரும்பறப்ப விட்டுடணுமாம்ப்பா. அதோட நுண்துளை அடைஞ்சிருக்குதா பாக்கணுமாம்."

அப்பா தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மாதான் பட்டென்று கேட்டாள். "அதுக்குக் கிளேஸ் போட்டீங்களா?"

போட்டிருக்கிறார். வெள்ளைக் கிளேஸ் பூச்சு, கண்ணாடி மாதிரி. முகம் தெரியும். அது எப்படி ஈரத்தை உறிஞ்சும்? "கம்பெனிக்காரன் பிஸ்கட்டுதான கேட்டான்?" என்றாள் அம்மா. ஒரு சூளை மட்டும் சுட்டு, கிளேஸ் போடாததை இங்கே பிஸ்கட்டு என்பார்கள்.

"பிஸ்கட்டா அனுப்புறதும், புள்ளையத் துணி இல்லாம ஸ்கூலுக்கு அனுப்புறதும் ஒண்ணு. எம் பட்டறையிலேர்ந்து அப்படிப் போவாது."

"அப்ப நீங்க போங்க, மஸ்கட்டுக்கு."

யாரும் சாப்பிடவில்லை. அத்தை மட்டும் சாப்பிட்டாங்க.

மே 9

மஸ்கட் வேலைக்கு ஆள் அனுப்பும் பெண்ணாடத்து ஏஜென்ட் போன் பண்ணினார். அப்பா "ம்" "ம்" என்று மட்டும் சொன்னார். அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். ஏன் துடைக்கணும்? தூசியே இல்லியே. யாரு கேட்டா?

மே 11

பெங்களூரிலிருந்து ஆதிநாராயணன் சார் வந்தார். ஐஸ், பேசின், எலுமிச்சம்பழம், கோழி எல்லாவற்றையும் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. நல்லவர் போல. நிமிர்ந்து பார்த்தபோது அவர் மூக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. கல்லை வெளியே எடுக்கச் சொன்னார்.

"இதுக்கு யாருங்க கிளேஸ் போட்டது?"

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை, "நல்லா பளபளன்னு இருக்குதுங்களே" என்றாங்க. சார் பையை மூடினார்.

பிஸ்கட்டுக் கல் ஒன்று இருக்கிறது. மூலை உடைந்தது, சூளைக்குப் பின்னால் அப்பா தூக்கிப் போட்டது. எனக்குத்தான் தெரியும். அதற்கு அடியில்தான் இந்த நோட்டை ஒளித்து வைக்கிறேன். எடுத்தால் இடம் தெரிந்துவிடும். எடுக்காவிட்டால்...

ஓடினேன். நோட்டைப் பாவாடையில் செருகிக்கொண்டு கல்லைக் கொண்டுவந்தேன். "மூலை ஒடஞ்சிருக்குதுங்க சார்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

மாட்டினார்கள். எல்லோரும் பேசினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம், டிவி பார்க்கிற மாதிரி. ஒரு சொட்டும் விழவில்லை. சார் மிஷின் காற்றில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். "இதேதாங்க. இதையே செஞ்சு குடுங்க" என்றார். கோழி மறுபடி உள்ளே வந்தது.

அவர் போன பிறகு அப்பா கேட்டார், "இத எங்கேர்ந்து பாப்பா எடுத்த?"

"கெடந்துச்சு."

"நான் தூக்கிப் போட்டதாச்சே இது," என்று கல்லையே தடவிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மே 28

நோட்டுக்கு வேறு இடம் கண்டுபிடித்துவிட்டேன். இங்கே எழுத மாட்டேன்.

கிளேஸ் போட்ட கல்லை அத்தை சேத்தியாத்தோப்புக்கு எடுத்துப் போய்விட்டாங்க. ஊதுவத்தி குத்திவைக்கிறாங்களாம். தெருவே ஆளுக்கொன்று கேட்கிறதாம்.

இன்று முதலாவது லோடு பெங்களூருக்குப் போயிற்று. பிஸ்கட்டுக் கல், எல்லாம் துணியில்லாத பிள்ளைகள். பஸ்ஸில் உடையாமல் போக வேண்டும் என்று அம்மா வைக்கோல் வைத்துச் சிவப்பு சூட்கேஸில் அடுக்கிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அப்பா பெட்டியை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டார். பெட்டி போவதைப் பார்த்துக் கையாட்டினார்.

பிறகு இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.