கோள் சொன்ன ரத்தம்

காளவாசல், மதுரை
22.9.1985

அன்பு மகள் ஒச்சாயிக்கு அப்பா எழுதுவது. பாண்டிமுனி காவலில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், பம்பாய் மழையில் நனையாமல் நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உன் ஆராய்ச்சிக்கு ஐஸ் பிளாஸ்கில் அனுப்பிய என் ரத்தத்தில் அந்தப் புரோட்டீன் ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டது, டாக்டர் என்ன மருந்து கொடுத்தார், ஆராய்ச்சி நோட்டில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாய். மருந்து எதுவும் கொடுக்கவில்லை தாயி. நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி உன் அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

போன கார்த்திகையில் என் இடது நுரையீரலில் சுண்டைக்காய் அளவு புற்றுக்கட்டியைக் கண்டுபிடித்து, ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தபோது நீ கூட இருந்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் ஒரு புரோட்டீன் குறைந்து, குறைந்தபடியே இருந்தால் நல்லது, திரும்ப ஏறினால் புற்று திரும்பியதா என்று கவனிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ரயிலேறினாய். அவள் காதில் விழுந்தது புரோட்டீன் குறைய வேண்டும் என்பது மட்டும். மறுநாளிலிருந்து வீட்டில் முட்டை இல்லை, கறி இல்லை, பருப்புகூட இல்லை, நான்கு மாதம் சுரைக்காயும் தெளிவு ரசமும்தான். அடுத்த வீட்டு ஹாலாஸ்யம் சார், கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவர், என் சட்டை தொளதொளப்பதைப் பார்த்துவிட்டு, அது உடம்புல தானா உண்டாறதும்மா, நீங்க போடற பருப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லே என்று சொல்லிப் பார்த்தார். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருக்காகளே சார், ஒட்டு ஒறவு இல்லாமலா இருக்கும் என்று கேட்டாள் உன் அம்மா. சார் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். மார்ச்சில் நீ இரண்டு என்று எழுதியதும், தன் சுரைக்காய் செய்த வேலை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் கெஞ்சிக் கேட்ட பருப்பைக் கண்ணில் காட்டினாள்.

சித்திரையில் என் புத்தி கெட்டது. டாக்டர் நடக்கச் சொன்னாரே என்று காலையில் பஸ் டெப்போ வாசல்வரை போய் வருவேன். என்னோடு டைம் கீப்பராக இருந்த காசிமாயன் அங்கே டீ குடிக்க வருவான். ஒரு நாள் பீடியைக் காட்டி, ஒரு இழுப்புல என்னண்ணே ஆயிரப்போகுது என்றான். அவனைக் குற்றம் சொல்லவில்லை, கையை நீட்டியது நான்தான். ஒரு பீடி நாலு பீடியானது. வாடை தெரியாமலிருக்க வேப்பிலையை மென்றுகொண்டு வருவேன், நுரையீரலுக்கு நல்லது என்று நான் சொன்னதை நம்பி உன் அம்மாவும் மென்றாள்.

ஜூலையில் ஆறு என்று எழுதினாய். புகை பிடித்தாலும் இது ஏறும், உண்மையைச் சொல்லுங்கள் அப்பா என்றும் கேட்டாய். ஒச்சாண்டம்மன் மேல் ஆணை, தொடவில்லை என்று பதில் போட்டேன். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன். டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், அதில் ஒன்றும் இல்லை. அவரும் பீடியைப் பற்றிக் கேட்டார், அவரிடமும் இல்லை என்றேன். அப்படியானால் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை வந்து படுங்கள் என்றார். சேதி உசிலம்பட்டிக்கு எட்டி உன் மாமன் உக்கிரபாண்டி ரெண்டு சேவலோடு வந்து இறங்கினான். ஆசைப்பட்டதைக் கேட்டுச் சாப்பிட்டுருங்க மாப்ள என்று அழுதான், எனக்கென்று அறுத்த சேவலில் முக்கால்வாசியை அழுதுகொண்டே அவனே தின்றான். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ஆஸ்பத்திரிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தாள். பிறகு, பருப்பத் திரும்பப் போட்டது என் தப்புதான், அன்னைக்கே ஒங்க பேச்சக் கேக்காம இருந்திருக்கணும் என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பருப்பு இல்ல புள்ள, பீடி என்றேன். பீடி மட்டுந்தானா என்று இரண்டு தரம் கேட்டாள். ஆமாம் என்றதும் தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுகை நின்றதும் விளக்குமாற்றை எடுத்தாள். உன் மாமன் தடுக்கவில்லை, வெளியே போய்க் கதவையும் சாத்திக்கொண்டான்.

மறுநாள் டாக்டரிடமும் உண்மையைச் சொன்னேன். ஆறு வாரம் பீடியை விட்டுட்டு ரத்தம் குடுங்க, அப்பவும் எறங்கலைன்னா குழாய்தான் என்றார். அந்த ஆறு வாரமும் உன் அம்மா என்னோடு நடந்தாள், எங்களைக் கண்டால் காசிமாயன் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நிற்பான். வெளியே சிரித்தேனே தவிர, இறங்காவிட்டால் பழியைப் போட பீடிகூட இருக்காதே என்ற பயம் எனக்கு. இருமல் வந்தால் அவளுக்குக் கேட்காமல் துண்டில் இருமுவேன். பிரிக்கப் பயந்து நான் நீட்டிய உன் கடிதத்தை ஹாலாஸ்யம் சார் வாசித்து இரண்டு என்றதும், உன் அம்மா அதை வாங்கித் தலைகீழாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆகையால் தாயி, நோட்டில் என் பெயருக்கு நேரே புகைப் பழக்கம் இல்லை என்று எழுதியதை அடித்துவிட்டு, சித்திரை முதல் ஆடிவரை தினம் நான்கு பீடி என்று எழுதிக்கொள். என் பொய்யை நம்பி வேறு நோயாளிக்குத் தப்பாக எதுவும் சொல்லிவிடாதே. அப்பாவைக் கோபித்துக்கொள், ஆனால் கடிதம் போடாமல் இருந்துவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ ஆத்தா மீனாட்சி துணையிருப்பாள். கார்த்திகையில் ரத்தம் அனுப்ப வேறு ஐஸ் பிளாஸ்க் கொடுத்துவிடு, பழையதில் உன் அம்மா மோர் ஊற்றி வைக்கிறாள்.

இப்படிக்கு
உன் அப்பா
பே. சிவனாண்டி

தாயி, நாலு இல்ல, ஏழு. காசிமாயன் பொண்டாட்டிட்ட விசாரிச்சிட்டேன். ஏழுன்னே எழுதிக்க. ஹாலாஸ்யம் சார எழுதச் சொல்லி அம்மா அன்னக்கொடி.