எல்லாரும் சாகும் காட்சி

மச்சான்,

இன்று சாயங்காலம் கோயில் மண்டபத்தைக் கடக்கும்போது ஒட்டுத்தாடிப் பசையின் வாடை அடித்தது. உள்ளே இளைஞர் மன்றத்தார் திருவிழா நாடகத்துக்கு வேஷம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாடியைப் பிய்க்கும்போது வலியில் கண் கலங்கிக்கொண்டே சிரிப்பாயே, அந்த முகம் எதிரே வந்து நின்றது.

வருஷா வருஷம் திருவிழாவில் நாம் போட்ட நாடகத்தில் நீ இளவரசன். கொலையான தகப்பனுக்காகப் பழிவாங்க வேண்டியவன். கொன்ற ராஜா நான். கடைசிக் காட்சியில் விஷமும் கத்தியுமாக மேடை முழுக்கப் பிணம் விழும். ஒரு தடவை, செத்துக் கிடந்த ராணியைக் கொசு கடித்துவிட்டது. ராணி எழுந்து உட்கார்ந்து சொறிந்துகொண்டு மறுபடி செத்தாள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ மட்டும் ஒவ்வொரு ஒத்திகையிலும் கேட்பாய்: “இன்னாத்துக்கு மச்சான் அல்லாரும் சாவணும்? நடுவுல ஒருத்தனாச்சும் நிறுத்தக் கூடாதா?”

“அது விதிடா” என்பேன்.

அப்புறம் உன் தம்பி போனான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வண்டி நிறுத்துவதில் ஆரம்பித்த வாய்ச்சண்டை கத்தியில் முடிந்தது. குத்தியவன் நம் பக்கத்துத் தெருக்காரன். சில மாதங்களில் ஜாமீனில் வெளியே வந்து, நம் கண்ணெதிரிலேயே நடமாடினான்.

அவன் வந்த வாரத்தில் உன் தம்பியின் கூட்டாளிகள் உன் வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன்.

“அண்ணாத்தே, நீ ஊம்னு ஒரு வார்த்த சொல்லு. நாங்க பாத்துக்கிறோம்.”

நீ உள்ளறையில் சுவரோரம் சுருண்டு கிடந்த உன் அம்மாவைக் காட்டினாய். “அவன் ஊட்லயும் ஒரு அம்மா கீது. அதுவும் இப்டி கெடக்கணுமா? போங்கடா, போய் துன்னுட்டுப் படுங்க.”

அவர்கள் போன பிறகு நீ குழாயடியில் நின்று வெகுநேரம் முகம் கழுவினாய். சுலபமாகச் சொல்லிவிடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்குத் தெரியவில்லை. நீ எதையோ மனசில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாய் என்றுதான் டீக்கடையில் பேசினார்கள். அந்தப் பேச்சு உன் தம்பியைக் குத்தியவன் காதுக்கும் போயிற்று.

திருமழிசை கம்பெனிக்கு நீ காலை ஷிப்டுக்குக் கிளம்பிய ஒரு நாள், நசரத்பேட்டை நிறுத்தத்தில் உனக்காகக் கத்தியோடு காத்திருந்தான்.

பிடிபட்டபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: “அவன் என்னப் போட்ருவான்னு அல்லாரும் சொன்னாங்க சார். பயந்துட்டேன். அதான் முந்திக்கினேன்.”

அந்தப் பயத்தை நான் பல வருஷம் மேடையில் நடித்திருக்கிறேன். இளவரசன் தயங்கி நிற்க நிற்க ராஜாவுக்குத்தான் தூக்கம் போகும். அவன்தான் விஷம் கலப்பான். குழியில் உன்னை இறக்கும்போது யாரோ என் தோளைத் தொட்டு, “விதிப்பா” என்றார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். நீ கொல்லமாட்டாய் என்று அவனிடம் போய்ச் சொல்ல ஊரில் ஒருத்தர் இல்லாமல் போனதற்கு விதி என்ன செய்யும்?

அடக்கம் முடிந்த அன்றே அந்தக் கூட்டாளிகள் அம்மாவிடம் வந்து நின்றார்கள். அம்மா தலை நிமிராமலே சொன்னது: “ரெண்டு புள்ளையும் குடுத்துட்டேன். போதும். எம் பேரச் சொல்லி எவனும் கத்தி எடுக்காதீங்க.”

இப்போது வழக்கு நடக்கிறது. அம்மாவை நான்தான் கூட்டிப் போகிறேன். போன வாய்தாவில் நீதிமன்ற வாசல் டீக்கடைக்குப் போனால், உன்னைக் கொன்றவனுடைய தம்பி தனியாக நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டுச் சுவரோரம் ஒண்டினான். கத்தி இருக்குமோ என்று அவன் கண் என் கையிலேயே இருந்தது. கோபத்தில் ஓர் அடி அவனை நோக்கி வைத்துவிட்டேன், மச்சான். அத்தோடு நின்றேன்.

அவனருகே இருந்த பெஞ்சில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அவன் மூச்சு சீராகி, மிச்ச டீயைக் குடித்துவிட்டுப் போகும்வரை திரும்பவில்லை. என் டீ ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் வருகிறேன்.