பதினேழாம் எண் வாடகை சைக்கிள்

மார்ச் 11, காலை 6.20

வார்டு அதிகாரிக்கு,

இந்த ஊரில் வந்து இறங்கி முப்பத்தெட்டு மணி நேரம் ஆகிறது. இதற்குள் வாடகை சைக்கிள் இரண்டு முறை காணாமல் போய்விட்டது. மூன்றாவது முறை போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் கத்துகிறேன், ஐந்தாவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். அதனால் இந்த ஒரு வாரம் எழுத்து மட்டும், மெயிலில் அனுப்பினாலும் கடிதம் மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டாய். சரி. ஊரெல்லாம் உன்னை சிஸ்டர் என்று கூப்பிடுகிறது. கட்டிய கணவன் அப்படிக் கூப்பிட முடியாது என்பதால்தான் மேலே அந்தப் பட்டம். நீ இன்னும் அதிகாரி ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

நீ சொன்னபடிதான் சைக்கிள் எடுத்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரே ஒரு கடை. நடத்துகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும், எல்லோருக்கும் அக்கா. இருபத்திரண்டு சைக்கிள், அத்தனையும் மஞ்சள். என் தலையில் கட்டியது பதினேழாம் எண். சீட்டு பள்ளம். பின் பிரேக் பேருக்கு இருக்கிறது. மேட்டில் மிதித்தால் செயின் வழுக்குகிறது. பூட்டு எங்கே என்று கேட்டேன். பூட்டெல்லாம் தருவதில்லை என்றார். என் அடையாள அட்டையை மட்டும் வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

நேற்றுக் காலை கலங்கரை விளக்கம். நூற்று நாற்பத்து மூன்று படி ஏறி இறங்கினால் சைக்கிள் இல்லை. நான்கு கிலோமீட்டர் வெயிலில் நடந்து, போலீசில் என்ன எழுதிக் கொடுப்பது என்று மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாகத் தயாரித்துக்கொண்டு கடைக்கு வந்தால், பதினேழாம் எண் வாசலில் நிற்கிறது. அக்கா ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "வந்துருச்சு" என்றார். சாயங்காலம் அலை தடுக்கும் கல்சுவர்ப் பக்கம் போனேன். அங்கேயும் இதே கதை.

வீடு மூன்று பார்த்தேன். மூன்றிலும் ஜன்னல் கம்பி துரு. ஒன்றில் மின்சார மீட்டர் பெட்டியின் கதவைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை.

இதுவரை ஊர் இப்படித்தான்.

உன்
மீட்டர்


மார்ச் 11, மாலை 4.00

அன்புள்ள மீட்டருக்கு,

ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் நின்றபடியே படித்தேன். அந்த மின்சாரப் பெட்டிக் கதவை என்ன செய்தாய்? வீட்டுக்காரர் கையில் கொடுத்தாயா? உன் அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டார், பிள்ளை இளைத்திருப்பான் என்று. இரண்டு நாளில் எப்படி இளைப்பான் என்று கேட்டால் நான் பொல்லாத மருமகள்.

கல்யாணமான புதிதில், விருந்துக்குப் போன இடத்திலெல்லாம் பையிலிருந்து ஏதாவது ஒரு மீட்டரை எடுத்து நீட்டுவாய். பிளக்கில் எவ்வளவு வோல்ட், சமையலறைத் தராசு எவ்வளவு கிராம் பொய் சொல்கிறது என்று. கருவிகளைச் சரிபார்ப்பது உன் வேலை, சரி. அதற்காக ஊரையும் அப்படியே பார்க்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரிலிருந்து பதினொரு பேர் எங்களிடம் டயாலிசிஸுக்கு வருகிறார்கள், உனக்கே தெரியும். மூன்று மணி நேரம் பஸ், நான்கு மணி நேரம் படுக்கை, திரும்பவும் மூன்று மணி நேரம் பஸ். அவர்களில் ஒருவர், அந்த டிராயிங் மாஸ்டர், இன்று வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கை கொடுத்துத் தூக்கினேன். "எங்க ஊர்ல எப்ப சிஸ்டர் திறப்பாங்க?" என்று கேட்டார். அந்த ஊர் மருத்துவமனையிலேயே ஆறு படுக்கை தயாராக இருக்கிறது, பொறுப்பேற்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. 15ஆம் தேதிக்குள் பதில் தர வேண்டும்.

உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஊரில் உன்னால் இருக்க முடியுமா? ஜன்னல் கம்பியால் இருக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை.

நல்லதாக ஒன்றாவது எழுது.

அன்புடன்,
இன்னும் அதிகாரி ஆகாத நான்


மார்ச் 12, இரவு 8.10

வார்டு அதிகாரிக்கு,

திருடனைப் பிடித்துவிட்டேன். முடிதிருத்தும் கடைக்காரர்.

இன்று மீன் ஏலக்கூடத்தின் பின்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு வாடகை வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்தே தெரிகிறது, ஒரு மனிதர் சாவகாசமாகப் பதினேழில் ஏறி மிதிக்கிறார். இறங்கி ஓடினேன். செருப்பு ஒன்று அறுந்தது. பிடித்தால், ஆள் கொஞ்சமும் பதறவில்லை. "உங்களோடதா? சும்மா நின்னுச்சு. நான் அந்தப் பக்கம்தான் போறேன், கடையில விட்டுடலாம்னு எடுத்தேன்" என்கிறார்.

இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். அவர் மிதித்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன். இந்த ஊரில் இது பழக்கமாம். வெளியூர்க்காரர்கள் சைக்கிளைக் கடற்கரையில் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போய்விடுவார்களாம். அதனால் மஞ்சள் சைக்கிள் ஆளில்லாமல் நின்றால், அந்த வழியாகப் போகிற யாரும் எடுத்து வந்து விட்டுவிடுவார்கள். விட்டவர் சைக்கிளுக்கு ஒரு மாதம் காற்று இலவசம்.

"நான் முடிச்சுட்டேன்னு அவருக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"யார் சொல்லணும்? நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார் அக்கா. "திரும்ப வர்றதா இருந்தா ஹேண்டில்ல ஒரு துணி கட்டிட்டுப் போகணும். நீங்க கேக்கவே இல்லையே தம்பி."

வாடகைக்கு எடுத்தவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எனக்குப் போதும் என்று தீர்மானிக்க இவர்கள் யார்? துணியெல்லாம் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடையில் பூட்டும் சங்கிலியும் வாங்கினேன். "பூட்டுனா எப்படிக் கொண்டாந்து விடுவாங்க?" என்று அக்கா நிஜமாகவே கவலைப்பட்டார்.

நல்லதாக ஒன்று கேட்டாய். எழுதுகிறேன், பிறகு இதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வாதாடக் கூடாது. ஐந்தரை மணிக்குக் கடலோரச் சாலையில் வடக்கு நோக்கி வந்தேன். காற்று முதுகில். இரண்டு கிலோமீட்டர் நான் மிதிக்கவே இல்லை. செயின் வழுக்கவில்லை, வழுக்க அதற்கு வேலையே இல்லை. வலை உலர்த்துகிற பெண்கள் வழிவிடச் சொல்லிக் கத்தினார்கள், நான் பெல் இல்லாததால் வாயாலேயே பெல் அடித்தேன். அவர்கள் சிரித்தார்கள். பின்னால் நீ உட்கார்ந்திருந்தால் என்ன எடை, காற்று அப்போதும் தள்ளுமா என்று கணக்குப் போட்டேன். தள்ளும்.

மே மாதம் எனக்குப் பிரிவுத் தலைவர் பதவி வருகிறது என்பதையும் நினைவில் வை. இங்கே சரிபார்க்க என்ன இருக்கிறது, மீன் தராசா?

நாளை மருத்துவமனை.

உன்
மீட்டர்


மார்ச் 13, மாலை 6.45

வார்டு அதிகாரிக்கு,

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், படித்து முடித்த பிறகு கோபப்படு.

10.15க்கு மருத்துவமனை. மேட்டின் மேல் கட்டியிருக்கிறார்கள், பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனேன். சைக்கிளை வாசல் கம்பியோரம் நிறுத்திச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். வார்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு படுக்கை, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. ஜன்னலில் கடல் தெரிகிறது. தண்ணீர் சுத்திகரிக்கும் அறையைக் காட்டச் சொன்னேன். டயாலிசிஸுக்குத் தண்ணீர்தான் உயிர் என்று நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். என் மீட்டரை வைத்துப் பார்த்தேன். சுத்திகரித்து வருகிற தண்ணீரிலேயே உப்பு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. மூன்று முறை பார்த்தேன். தவறில்லை.

11.40க்கு வெளியே வந்தேன். சைக்கிள் இல்லை. காவலாளி என்னைப் பார்த்துப் பெருமையோடு, "பூட்டு மாட்டிக்கிச்சு போல சார். பரவால்ல, ரெண்டு பேரு தூக்கி சாமான் ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டோம்" என்றார். பூட்டோடு. சாவி என் பையில்.

எனக்கு மண்டை வெடித்தது. அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வாசலுக்கு வந்தார். சிஸ்டருக்கு ஊர் பிடிக்குமா என்று கேட்டார்.

"அவ வரமாட்டா. வேற ஆளைப் பாருங்க" என்றேன்.

"அவங்க சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

யோசித்துப் பார். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு நீ எப்படி வேலை செய்வாய்? நீ 15ஆம் தேதி சொல்ல வேண்டியதை நான் 13ஆம் தேதி சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். பதில் எழுது.

மீட்டர்


மார்ச் 14, காலை 5.30

கணவருக்கு,

நேற்று மதியம் இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் என்னை போனில் கூப்பிட்டார். ஒரு நோயாளிக்கு ஊசி எடுத்துவிட்டு, ரத்தம் நிற்கக் கையை அழுத்திப் பிடித்திருந்தேன். உதவிக்கு நின்ற பெண் போனை என் காதில் வைத்தாள். நான் பின்வாங்கிவிட்டேனா, பட்டியலில் அடுத்தவருக்குச் சொல்லலாமா என்று கேட்டார். என் கணவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றேன். பதினான்கு வருட வேலையில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் அளந்தது சரி. ஜனவரியிலேயே அந்த அறிக்கையை எனக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு சுத்திகரிப்புத் தொகுதி வந்தால்தான் சேருவேன் என்று நான் போட்ட நிபந்தனையின் பேரில் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். இருபதாம் தேதி வருகிறது. அந்தத் தண்ணீரைச் சரிசெய்வதுதான் என் முதல் வேலை. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி சேருகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். குடும்பத்துக்கான வீடு வேண்டுமா, நர்ஸ் குடியிருப்பில் அறை போதுமா என்று கேட்டார்கள். அறை போதும் என்றேன். ஒற்றைக் கட்டில்.

காற்று முதுகில் தள்ளியது என்று எழுதியிருந்தீர்களே, அதை மூன்று முறை படித்தேன். நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இப்படிக்கு,
கையெழுத்து தேவையில்லை


மார்ச் 15, காலை 7.05

உனக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். கடைசியாக நீ என்னை அப்படிச் சொன்னது பெண் பார்க்க வந்த அன்று.

இரண்டு முறை பதில் எழுதி அழித்துவிட்டேன். முதலாவதில் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. இரண்டாவதில் அந்தக் காவலாளியைத் திட்டியிருந்தேன். இரண்டுமே சாக்கு. உண்மை இதுதான்: மீட்டரில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கவலை வரவில்லை, நிம்மதி வந்தது. அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது என்று. பஸ் ஏறும்போதே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நான்கு நாள் சைக்கிள் மிதித்தது ஊரைப் பார்க்க அல்ல, குறை பொறுக்க. உன்னிடம் கேட்டிருந்தால் நீ ஆசைப்படுகிறாய் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு மறுக்க முடியாது. அதனால்தான் கேட்கவில்லை.

இந்த ஊரில் என்னால் இருக்க முடியுமா என்று கேட்டாய். முடியும். பதவி போகும், எரிச்சல் வரும், துரு பிடித்த கம்பியைப் பார்த்துத் தினமும் முணுமுணுப்பேன். ஆனால் முடியும். பிந்தி வந்த பதில் என்று எனக்கே தெரிகிறது. இதை வைத்து உன்னிடம் எதையும் கேட்கவில்லை.

இனி செய்யப்போவது:

1. ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டரைப் பார்ப்பேன். அன்று சொன்னது என் பேச்சு, சிஸ்டருக்கு அதில் பங்கில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். தண்ணீரைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

2. அந்தக் காவலாளியிடம் மன்னிப்புக் கேட்பேன். அன்று அவரிடம் நான் பேசியதை உனக்கு எழுதவில்லை.

3. மதிய பஸ்ஸில் திரும்புவேன். நீ வேலையில் இருக்கும்போதே வந்துவிடுவேன். முன்னறையில் படுத்துக்கொள்கிறேன்.

4. உன் சாமான்களை நீ சொல்கிறபடி கட்டித் தருவேன். பெட்டி பெரிது, இது எதற்கு, அது எதற்கு என்று சொல்ல மாட்டேன்.

5. ஒன்றாம் தேதி பஸ் நிலையம் வரை வரவா என்று ஒரே ஒரு முறை கேட்பேன். வேண்டாம் என்றால் வாசலோடு நின்றுவிடுவேன்.

6. இந்தப் பட்டியலில் உனக்கு வேண்டாததை அடித்துவிடு. காரணம் எழுத வேண்டாம்.