தோலில் அழுத்திய பெயர்

ஜூலை 9, செவ்வாய்

தாராவியில் அப்பாவின் தோல்பைக் கடைக்கு இணையதளப் பெயர் பதிவு செய்தது நான்தான். முதல் வருடத்துக்கு ஐந்து வடாபாவ் விலை. இன்று புதுப்பிக்கப் போனால் அதே நிறுவனம் பத்து மடங்கு கேட்கிறது.

"நம்ம கடைப் பேருக்கு நாமளே வாடகை கெட்டணுமாளா?" என்றார் அப்பா.

வேறு பெயர் எடுத்தால் மறுபடி மலிவுதான் என்றேன். அவர் ஒரு பையைத் திறந்து காட்டினார். உள்ளே தோலில் அந்த இணையதளப் பெயர் அழுத்தப்பட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆர்டர்கள் வருகின்றன.

"வித்த பையெல்லாம் திரும்பி வருமா? நாம விட்டா எவனாச்சும் எடுத்துருவான். கெட்டித் தொல."

ஊரெல்லாம் நம் பெயரை நாமே பரப்பி முடிக்கும்வரைதான் அவர்களுக்குத் தாராள மனசு. பணத்தைக் கட்டினேன்.

"அடுத்த வருஷம் எவ்வளவாம்?"

தேடிப் பார்த்தேன். அதை மட்டும் அவர்கள் எங்கும் போடவில்லை.